கரீம் பாட்சாவின் இறக்கை

கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால்தான் தடவுவார் கரீம் பாட்சா. குர்லாவில் அவருடைய பாலிஷ் பட்டறையை விட்டு கதவோ கட்டில் காலோ போவதற்குமுன் அந்தக் கை ஒருமுறை அதன்மேல் போய்வர வேண்டும். எங்காவது நெருடினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து உப்புத்தாள். "சாமான் ஏக்தம் வெண்ணெயா இருக்கணும்வே" என்பார். மாட்டுங்காவில் தோசை சாப்பிடப் போனாலும் மேசையைத் தடவிப் பார்த்து முகம் சுளிக்கிற ஆசாமி.

மகள் ஆஸியா செம்பூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவள் குழு செய்த சின்ன விமானம் நாளைக்குப் போட்டியில் பறக்க வேண்டும். இரண்டு மர இறக்கைகளும் பாட்சாவின் கைவேலை. "எங்க வாப்பா செஞ்சது, பறக்காம எங்க போவும்?" என்று கல்லூரி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். அதுவோ மூக்கைத் தூக்கி மெதுவாக ஏறும்போதெல்லாம் பொத்தென்று விழுந்தது. விழ விழ, பாட்சா இறக்கையை வாங்கி இன்னும் வழுவழுப்பாக்கித் தந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

இன்று பட்டறை ஃபேனுக்கு முன்னால், ஜூஸ் குடிக்கும் உறிஞ்சுகுழல்களை நெருக்கி அடுக்கிய பெட்டியை வைத்தாள் ஆஸியா. காற்று நேராக வருவதற்காம். ஓர் இறக்கையின் முதுகெங்கும் நூல் துண்டுகளை ஒட்டி அந்தக் காற்றில் பிடித்தாள். நூல்கள் சமர்த்தாகப் படுத்திருந்தன. முன்பக்கத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். அவ்வளவுதான், பாதி நூல்கள் எழுந்து, காற்று வரும் திசையைப் பார்த்தே திரும்பி ஆடின.

"பாத்தீங்களா வாப்பா? வழுக்கிட்டுப் போற காத்து, முதுகு சரியுற எடத்துல வேகம் செத்துப் பிச்சுக்குது, அதான் பொத்துனு விழுது. முன்னாடியே கொஞ்சம் கலக்கி விட்டா, மேல ஓடுற வேகக் காத்து கீழ எறங்கி அதை இழுத்துட்டுப் போவும்."

சொல்லிக்கொண்டே உப்புத்தாளில் மெல்லிய பட்டை வெட்டி, பளபளக்கும் முன் ஓரத்தில் ஒட்டினாள். "கொன்னுட்டியே புள்ள" என்றார் பாட்சா.

மறுபடி அதே அளவு நிமிர்த்தினாள். எழுந்து ஆடிய நூல்கள் துடித்தபடியே இறக்கையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டன.

பாட்சா குனிந்து நூல்களுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். இந்த வயதுவரை மூச்சாக இழுத்து விட்ட காற்று. அதற்கு இப்படியொரு குணம் இருப்பதை இன்றுதான் பார்க்கிறார். "யா அல்லா" என்றார், மெதுவாக. "இன்னொரு தடவ காட்டு."

காட்டினாள்.

மேசையில் இன்னோர் இறக்கை கண்ணாடியாய் மின்னியது. பாட்சா அதை மடியில் எடுத்து வைத்து, பசையைத் தொட்டு, சொரசொரத்த பட்டையொன்றை அதன் முன் ஓரத்தில் தாமே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார்.