ராகவன் சாரின் பச்சைக் கப்பல்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு காரின் கதவுக்குப் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது ராகவன் சார் மகள் சுதாவின் போன் வந்தது. "அப்பா போயிட்டார் அங்கிள். தூக்கத்துலயே" என்றாள். பாதி தேய்த்த கதவை அப்படியே விட்டுவிட்டு ராயப்பேட்டையிலிருந்து கிளம்பினேன். மயிலாப்பூரில் அவர் வீட்டுப் படி ஏறும்போதுதான் காலில் செருப்பு இல்லை என்பதைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறில் கூடிச் சின்னச் சின்ன மாடல் கப்பல் கட்டும் உங்களுக்கெல்லாம் ராகவன் சாரை என்னைவிட அதிக நாளாகத் தெரியும். நான் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், ஐந்தாவதோடு நின்றவன். என்னை எழுதச் சொன்னது உங்கள் தப்பு.

முதல்முறை என் ஷெட்டுக்கு வந்தபோது ஆட்டோவிலிருந்து ஒரு பழைய மரப்பெட்டியை இறக்கினார். இதே கலரில் நூறு மில்லி போதும் என்றார். "இன்னா சார், பொட்டிக்கு டச்சப்பா?" என்றேன். "கப்பலுக்கு" என்றார். கப்பலை ரிவர்சில் உள்ளே விடச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய அப்பா போர்க்காலத்தில் ஒரு கப்பலில் கொதிகலன் ஆளாக இருந்தவர். லீவில் வந்தபோது கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைத் தன் பெட்டிக்கு அடித்திருக்கிறார். அடுத்த லீவுக்கு அவர் வரவில்லை, கப்பலும் வரவில்லை. அந்தக் கப்பலைத்தான் சார் மாடலாகக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா போனபோது சாருக்கு இரண்டு வயது. இருந்த போட்டோக்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. "அப்பா முகம் ஞாபகம் இல்லை, அன்வர். அவர் பார்த்துண்டிருந்த கலராவது சரியா தெரியணும்" என்றார்.

பெட்டியின் நிறம் பச்சை கலந்த சாம்பல். பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. பச்சைக் கப்பல் எந்த ஊரில் ஓடுகிறது என்று கேட்டேன். "ஆதாரம் இருக்கா?" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். என் கண் சொல்கிறது என்றேன். "கண்ணு ஆதாரம் ஆகாது." தடித்தடியாகப் புத்தகம் வைத்திருக்கிறவரிடம் ஐந்தாம் கிளாஸ் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? அவர் கேட்டதையே கலந்து கொடுத்தேன். இரண்டு வருடம் அந்தப் பச்சையில் கப்பல் வளர்ந்தது.

போன சித்திரையில் அவர் வீட்டுக்குப் போனபோது பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்குமா என்று கேட்டேன். அம்மா காலத்திலிருந்தே அங்கேதான் என்றார். எனக்குப் பொறி தட்டியது. எண்ணெய்ப் பெயிண்டை இருட்டில் அடைத்து வைத்தால் மஞ்சள் பூக்கும். நீலச் சாம்பல்மேல் மஞ்சள் ஏறினால் பச்சைதான். மூடியைக் கழற்றி மொட்டை மாடியில் பத்து நாள் வெயிலில் போடச் சொன்னேன்.

போட்டார். ஆனால் சும்மா போடுவாரா? பாதி மூடியைத் தகரத்தால் மறைத்துப் போட்டார். பதினோராம் நாள் வரச்சொல்லித் தகரத்தை எடுத்துக் காட்டினார். மறைத்த பாதி பச்சை. வெயில் பட்ட பாதி, மழை விட்ட பிறகு மெரினாவில் தெரியும் கடலின் நிறம். தகரத்தைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷம் தப்பா அடிச்சிருக்கேன்."

"நம்ம ஷெட்டுக்கு வர்ற வண்டி எல்லாமே ரெண்டாவது பெயிண்டுக்குத்தான் சார் வருது" என்றேன். அன்றுதான் முதல்முறையாக என் கிண்டலுக்குச் சிரித்தார். இரண்டு வருடம் முன்பே நான் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நான்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கப்பலின் பச்சைப் பெயிண்டைச் சுரண்டி எடுக்கவே மாதங்கள் ஆகின. இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் அப்படியே இருக்கும்போது போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த பிறகு, மீதியை என்னையே அடிக்கச் சொன்னாள் சுதா. ஜன்னல் ஓரம் அவர் மேஜையில் அவர் பிரஷ்ஷாலேயே அடித்தேன். என் கை ஸ்பிரேக்குப் பழகிய கை. இரண்டு இடத்தில் கோடு தெரியும். வந்து பார்த்தால் திட்டாதீர்கள்.

கிளம்பும்போது அவருடைய கலர் நோட்டை சுதா என்னிடம் கொடுத்தாள். முழுக்க இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு கலர் துண்டு, அடியில் அது எந்தப் புத்தகத்தில், யார் சொல்லித் தெரிந்தது என்ற விவரம். கடைசிப் பக்கத்தில் அந்த நீலச் சாம்பல். அதன் அடியில் மட்டும் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும் என்று தமிழில் எழுதியிருந்தார்:

"ஆதாரம்: அன்வரின் கண்."