அக்காவுக்குக் கேட்ட இரைப்பு

இந்த நாட்டுக்காரர்கள் பஸ்ஸில் பேச மாட்டார்கள். பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவார்கள். நார்வேக்கு வந்த பதினோரு வருடத்தில் என் எதிர்வீட்டுக்காரர் என்னிடம் பேசியதெல்லாம் "வழுக்குகிறது, பார்த்துப் போ" என்பதுதான், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். அப்படிப்பட்டவர்கள் ஓடும்போது வாய் ஓயாமல் பேசுகிறார்கள். எங்கள் ஊர் விளையாட்டு மைதானத்தில் புதிதாக ஓடப் பழகும் பெண்களுக்கென்று காலை ஏழு மணிக்கு ஒரு குழு இருக்கிறது. முதல் நாள் போனபோது ஆறு பெண்கள் உருளைக்கிழங்கு பயிரிடுவதைப் பற்றி விவாதித்துக்கொண்டே என்னைக் கடந்து ஓடினார்கள். நான் புல்லில் உட்கார்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போது என் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே விடுவதும் விடாததும் உன் கையில்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்களுக்குப் பயிற்சி தருபவள் இங்கர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அறுபத்தாறு வயது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி வைத்தவள், மூன்றாவது சுற்றிலேயே நான் உட்கார்ந்ததைப் பார்த்து, "நீ ரொம்ப வேகமாக ஓடுகிறாய்" என்றாள். என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. 'ஸ்னாக்கெதெம்போ' என்று ஒன்று உண்டாம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் என்று அர்த்தம். பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறை, மூச்சு பழகியதும் வேகம் தானாக வரும் என்றாள். சரி, யாரோடு பேசுவது? மற்றவர்கள் அரைச் சுற்று முன்னால் போய்விட்டார்கள். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு காஞ்சிபுரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

இங்கே காலை ஏழு என்றால் அங்கே பத்தரை. பிள்ளையார்பாளையத்து வீட்டில் அக்கா தறியில் உட்கார்ந்திருப்பாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கை வேலையைப் பார்க்கும், வாய் என்னைப் பார்க்கும். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் பேசினோம். கல்யாணம் ஆகி வந்த பிறகு அவளோடு இவ்வளவு பேசியதே இல்லை. முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"இன்னாடி, இப்படி மூச்சு வாங்குது? இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"படி ஏறிக்கினு இருக்கேன்க்கா."

எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் வெட்கமாக இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தெருவில் நான் குண்டு சுமதி. நாற்பத்திரண்டு வயதில் பேன்ட் போட்டுக்கொண்டு ஓடுகிறேன் என்றால் அக்கா சிரிக்கிற சிரிப்பில் இழை அறுந்துவிடும். ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வாரங்கள் போயின. ஒரு நிமிடம் ஐந்தானது, ஐந்து பத்தானது, எடை எண்பத்து மூன்றுக்கு இறங்கியது. இரைக்க இரைக்க நான் பேசிக்கொண்டு ஓடுவதைக் கேட்டாலே இங்கர் முகம் மலர்ந்து 'ஃபீன்த், ஃபீன்த்' என்பாள். நன்று நன்று என்று அர்த்தம். அக்காவோ போனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். வேலை மும்முரம் போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் பேசாமல் என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒருநாள் மாமா, அக்காவின் கணவர், அவராகவே கூப்பிட்டார். என்னிடம் அதிகம் பேசாத மனிதர். "ஏம்மா, உனக்கு இன்னா உடம்புக்கு? எங்க கிட்ட மறைக்காதம்மா. உங்கக்கா உனுக்காகக் காமாட்சி அம்மனுக்கு வேண்டிக்கினு ஒருபொழுது இருக்குது. ரெண்டு மாசமா ராத்திரி சோறு துன்றதில்ல. அதுக்கே சக்கரை இருக்குது, நேத்து தறியிலயே கண்ணு இருட்டி சாஞ்சிடுச்சு" என்றார். தங்கச்சிக்கு இரைப்பு நின்றதைத் தன் கண்ணால் பார்க்கிறவரைக்கும் ஒருவேளைச் சாப்பாடுதான் என்பது வேண்டுதல். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. என் உடம்பைத் தேற்றிக்கொள்ள நான் ஓடிய ஒவ்வொரு ஓட்டமும் அக்காவின் உடம்பைக் கரைத்திருக்கிறது.

உடனே அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். ஓடுகிறேன், நோய் இல்லை, டாக்டர் சொல்லித்தான் ஓடுகிறேன் என்று மூன்று விதமாகச் சொன்னேன். "அப்பா கூட இழ அறுந்துடுச்சின்னுதாண்டி சொன்னாரு" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். எங்கள் அப்பாவுக்கு இதயம் பழுதாகி மூச்சு வாங்கத் தொடங்கியபோது வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நெய்து கொண்டிருக்கும்போதே அப்படியே தறிமேல் குனிந்துவிடுவார். என்னப்பா என்றால் இழை அறுந்துவிட்டது, முடி போடுகிறேன் என்பார். ஒரு இழைக்கு முடி போட அவ்வளவு நேரம் ஆகாது என்பது பக்கத்துத் தறியில் இருந்த அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. நான் படி ஏறுகிறேன் என்றபோது அவளுக்கு என்ன கேட்டிருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஊருக்குப் போகிறேன் என்று இங்கரிடம் சொன்னேன். நான் ஓடுவதால் என் அக்கா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்த நார்வேஜிய மொழியில் விளக்கினேன். அவள் என் தோளைத் தட்டி, "இரண்டு சகோதரிகளும் சேர்ந்தே இளைக்கிறீர்களா? எவ்வளவு அருமை!" என்றாள். திருத்த முயன்றேன். வேண்டுதல் என்பதற்கு அவர்கள் மொழியில் வார்த்தை தேடித் தேடி, கடைசியில் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்கா கதவைத் திறந்ததும் அழுதாள். "இன்னாடி இது, எளச்சித் துரும்பாட்டம் ஆயிட்டியே!" எண்பது கிலோ துரும்பை உலகத்தில் அவள் ஒருத்திதான் பார்த்திருப்பாள். நான் அவளைப் பார்த்து அழுதேன். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டை நீட்டினேன். காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள் என்றாள். அன்று இரவும் சாப்பிடவில்லை. அவள் எதிரில் ஓடிக் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றி ஓடினேன். சுடிதார், இடுப்பில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா. பின்னால் மாமாவின் டிவிஎஸ் ஃபிஃப்டி, அதில் ஒருக்களித்து உட்கார்ந்து அக்கா. இரண்டாவது சுற்றில் பால் கேன்களோடு பைக்கில் வந்த ஒருவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், காலங்காத்தால பொம்பளய தொரத்திக்கினு வரீங்க?"

"தொரத்தலபா. என் மச்சினிச்சி. அது ஓடுது, நாங்க பாக்கறோம்."

"இன்னாத்துக்கு ஓடுது?"

மாமா யோசித்தார். "அதான் எங்களுக்கும் தெரியல" என்றார்.

அக்கா பார்க்கிறாள் என்ற வீம்பில் ஸ்னாக்கெதெம்போவை மறந்து வேகமாக ஓடிவிட்டேன். "சுமா, பேசுடி, எதுனா பேசுடி" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. கைக்கடிகாரம் ஐந்து கிலோமீட்டர் என்று காட்டியதும் குளத்துப் படியில் குனிந்து விழாத குறையாக உட்கார்ந்தேன். வாழ்நாளில் அப்படி இரைத்ததில்லை. இதைக் காட்டவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று எனக்கே பயம் வந்தது. அக்கா வண்டியிலிருந்து இறங்கி வந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். முதுகு ஏறி இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஏற்ற இறக்கம் மெதுவானது. பிறகு சாதாரண மூச்சு. அதன் பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

"நின்னுடுச்சி" என்றாள். "அப்பாக்கு நிக்கவே இல்லடி."

அன்று ராத்திரி மூன்று இட்லி சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் நான் ஓடியதால்தான் நன்றாக இருக்கிறேன் என்பதை அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் ஒருபொழுது இருந்ததால் அம்மன் இரங்கினாள், அவ்வளவுதான். என் சர்க்கரை இறங்கியதற்கு இங்கே டாக்டர் ஓட்டத்தைக் காரணம் சொல்கிறார், அங்கே அக்கா தன் பட்டினியைச் சொல்கிறாள். யாருடைய கணக்கு சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பட்டினி கிடந்த அதே இரண்டு மாதத்தில்தான் என் கால்களும் பழகின.

திரும்பி வந்த பிறகு ஓடும்போது பேசுவதில்லை. வேகத்துக்கான பயிற்சி தொடங்கிவிட்டது. ஓடி முடித்த நொடியில் கூப்பிட வேண்டும், இரைப்பு நிற்கும்வரை போனை வைக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. இன்று காலை ஐந்து கிலோமீட்டரை முப்பத்தாறு நிமிடத்தில் முடித்தேன். மைதானத்தில் தூறல். ஒரு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, இன்னொரு கையில் போனை மூக்கருகே பிடித்துக்கொண்டிருக்கிறேன். இங்கர் கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, பார், எவ்வளவு வேகம் பார் என்று குதிக்கிறாள். போனுக்குள் அக்கா தறியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள்.

"இன்னும் கேக்குதுடி" என்கிறாள். "இரு, இன்னும் கேக்குது."