எழுத வேண்டாம் என்று கெஞ்சினேன்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருந்த அந்தப் பெரிய வீட்டில் இரண்டு வருடம் வேலை செய்தேன். பயமில்லாமல் இருந்த ஒரு நாள்கூட நினைவில் இல்லை. வீட்டுக்காரர்கள் கொடியவர்கள் அல்லர். பயத்தை நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மனைவியையும் எட்டு மாதக் கைக்குழந்தையையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். இங்கே என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். குடும்பத்தை அழைக்க மனுப் போட்டேன். ஒன்றரை வருடமாகியும் பதில் இல்லை. இந்திய இராணுவம் ஊருக்குள் நின்ற காலம் அது.

இருபது அறைக்கு மேல் இருந்த அந்த வீட்டில் வாழ்ந்தது கணவனும் மனைவியும் மட்டும். விறகு பிளந்து கணப்பு மூட்டுவதும் சமையலறையில் பாத்திரம் கழுவுவதும் என் வேலை. குதிரை லாயத்துக்கு மேலே எனக்கு ஓர் அறை தந்திருந்தார்கள். ஐயா டேனிஷ்காரர், பண்ணைச் சொந்தக்காரர், நாளுக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டார். அம்மா இங்கிலாந்தில் இதேபோல ஒரு பெரிய வீட்டில் பிறந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கல்யாணமாகி வந்தவர். அவரோடு மட்டும் என்னால் ஆங்கிலத்தில் பேச முடிந்தது.

நாலு மணித் தேநீரை அவர் சமையலறை மேசையில் என்னோடு குடிப்பார். ஒரு பின்னேரம் தன் பிள்ளைப் பருவத்தைச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு மேல்மாடியில், தாதியோடு. மாலையில் தலை வாரி, உடுப்பு மாற்றி, ஒரு மணி நேரம் மட்டும் கீழே கொண்டுபோய்த் தகப்பன் முன்னால் நிறுத்துவார்களாம்.

"அவருக்குச் சொல்ல ஒரு வசனத்தைக் காலையிலேயே பாடமாக்கி வைப்பேன். முகத்தைக் கண்டதும் மறந்துபோகும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொலிஸ் கந்தோரில் விசா விஷயம் கேட்கப் போகும்போதெல்லாம் நானும் பஸ்ஸில் வசனம் பாடமாக்கிக்கொண்டுதான் போவேன். பிறகு என் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். மனு கிடப்பில் கிடப்பதையும் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது சட்டப்படி உனக்குரியது. நான் நீதி அமைச்சுக்கு எழுதுகிறேன்."

எழுத வேண்டாம் என்று கெஞ்சினேன். எங்கள் நாட்டில் மேலிடத்துக்குக் கடிதம் எழுதியவனுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை ரண்டர்ஸில் என்னோடு மொழி வகுப்பில் படித்த நண்பரிடம் ஓடினேன். அவரும் மனைவிக்காகக் காத்திருந்தவர். கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"என்ன விசர் வேலை அண்ணை? அவங்களுக்குக் கோபம் வந்தா பைலைத் தூக்கி அடியிலை போட்டிடுவாங்கள். உடன போய் அந்த மனிசியை நிப்பாட்டுங்கோ!"

திரும்பி வந்தபோது சாப்பாட்டறைக் கதவுக்கு அப்பால் ஐயாவின் குரல் உயர்ந்து கேட்டது. எனக்கு விளங்கிய ஒரே சொல் 'தமிழர்'. மறுநாள் காலையில் என்னைத் தன் அலுவலறைக்குக் கூப்பிட்டார். பெட்டியைக் கட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். சுவரில் வேட்டைத் துப்பாக்கிகள். மேசையில் அம்மா எழுதிய கடிதம், சிவப்புப் பேனாவால் நிறையத் திருத்தங்களோடு.

"உன் மனுவின் இலக்கம் என்ன?" என்று டேனிஷில் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். "இவளுக்கு இன்னும் எங்கள் எழுத்துக்கூட்டு வராது" என்றார். கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

கடிதம் போய்விட்டது. அதன்பிறகு தபால்காரரின் மஞ்சள் வாகனத்தைக் கண்டால் விறகுக் கொட்டிலுக்குள் போய்விடுவேன்.

மூன்றாவது கிழமை, வீட்டுப் பாதையின் மர வரிசைக்கு நடுவே பொலிஸ் கார் வந்தது. கையிலிருந்த கோடரியைப் போட்டுவிட்டு நிலவறைக்குள் ஓடி, வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அம்மாதான் வந்து கண்டுபிடித்தார். ஒன்றும் கேட்காமல் என் சட்டையில் இருந்த கரியைத் தட்டிவிட்டார்.

இரண்டு பொலிஸ்காரர்கள் சாப்பாட்டறையில் இருந்தார்கள். கல்யாணத் திகதி, பிள்ளையின் பிறந்தநாள் என்று மரியாதையாகவே கேட்டார்கள். என் டேனிஷ் போதவில்லை. நான் ஆங்கிலத்தில் சொல்ல, அம்மா மொழிபெயர்த்தார். கடைசியாக ஒருவர் கேட்டார்: "அமைச்சுக்குப் போன கடிதம் நீங்கள் கேட்டு எழுதியதா?"

"இல்லை. அப்படி ஒரு கடிதம் எழுதியதே எனக்குத் தெரியாது. எனக்கு அதில் விருப்பமும் இல்லை."

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னதை ஒரு சொல்லும் குறையாமல் டேனிஷில் சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று நாலு மணிக்கு நான் சமையலறைக்குப் போகவில்லை. அவரே தேநீரோடு விறகுக் கொட்டிலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

"பயந்தவன் சொல்வதை நான் மனதில் வைப்பதில்லை. ஆறுவதற்குமுன் குடி" என்றார்.

அமைச்சிலிருந்து பதில் வந்தது: மனு பரிசீலனையில் உள்ளது. ஒரே ஒரு வரி. அதற்குள் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். அங்கிருந்து ரெலிபோன் எடுத்தாள்.

"ஏதும் பதில் வந்ததோ?"

"ஓம், பாக்கினமாம். நீ பயப்பிடாதை."

"நீங்கள் பயப்பிடாமல் இருந்தாக் காணும். உங்கட குரல்தான் நடுங்குது."

எங்களுடைய மனுக்களை அமைச்சில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகு பத்திரிகைகளில் வந்தது, நாடே பேசியது. அந்தத் தாமதத்தால் சில வருடத்தில் டென்மார்க் அரசாங்கமே விழும் என்று அப்போது யார் நினைத்தார்கள்! முடிச்சு அவிழ்ந்ததும் மற்றவர்களோடு எனக்கும் அனுமதி வந்தது. அம்மாவின் கடிதத்தால் ஏதும் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. கெடுதல் நடக்கவில்லை என்பது தெரியும்.

கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் மனைவி மெலிந்துபோய் வந்தாள். மகளுக்கு மூன்றரை வயது. நான் கை நீட்டியதும் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து வீரிட்டாள். லாயத்துக்கு மேலிருந்த அறையில் மூவரும் அந்தக் கோடை முழுதும் இருந்தோம். ஐயாவின் மடியில் தயக்கமில்லாமல் ஏறி இருந்தவள், என்னை மட்டும் மூன்று மாதம் "மாமா" என்றே கூப்பிட்டாள்.