பாத்ரூமில் கோபித்துக்கொண்ட சம்பந்தி

மரிக்கினா நகரில் துலோவைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் துலோ என்ற பேர்தான் யாருக்கும் தெரியாது. டிவி தொடரில் அவர் 'போபோய்': பெண்டாட்டி அதட்டினால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் தொந்திக்காரப் புருஷன். மீன்கடையில்கூட, "என்ன போபோய், பொண்டாட்டி காசு குடுத்து அனுப்புனாளா?" என்றுதான் கேட்பார்கள். நிஜத்தில் பெண்டாட்டி துபாயில் நர்ஸ். மகள் லிகாயாவுக்குத் தலை பின்னி, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து, சீருடை தேய்த்து வளர்த்தவர் இந்த மனுஷன்தான். அதை எந்த டிவி காட்டியது?

அந்த லிகாயாவைத்தான் இன்றைக்குப் பெண் கேட்டு வருகிறார்கள். மாப்பிள்ளை ஆர்னெலின் அம்மா கொன்சோலா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "அந்தக் கோமாளி வீட்டுலயா சம்பந்தம்? வந்து பாக்குறேன். சரிப்படலேன்னா எந்திரிச்சு வந்துடுவேன்."

லிகாயாவுக்குக் கை கால் ஓடவில்லை. "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் பெரிய மனுஷனா இருங்கப்பா. கண்ணை உருட்டக் கூடாது. உதட்டைப் பிதுக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"அப்பா!"

துலோ விசேஷத்துக்குப் போடும் பாரோங் சட்டைக்குள் விறைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அப்பா ஹெர்மோ, ஓய்வுபெற்ற போலீஸ்காரர், மீசையும் உறுமலுமாக வந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுல நான் வச்சதுதான் சட்டம். ஆம்பளைன்னா அப்படி இருக்கணும். டிவில வர்ற மாதிரியா?" துலோ வாயை மூடிக்கொண்டு பன்றிக்கால் வறுவலைப் பரிமாறினார். லிகாயாவின் முகம் செத்துப்போயிற்று.

சட்டம் வைத்தவர் இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். கொன்சோலா அந்தக் கையிலேயே பட்டென்று ஒன்று போட்டாள். "பிரஷர் மாத்திரை யாரு முழுங்குறது? வைங்க கீழே!"

அவ்வளவுதான். ஹெர்மோவின் உதடு பிதுங்கியது. ஐயோ, அச்சு அசல் அதே பிதுங்கல்! விருட்டென்று எழுந்து பாத்ரூமுக்குள் போனார். டமால். தாழ்ப்பாள்.

கொன்சோலா அதட்டினாள், பிறகு கெஞ்சினாள். ஆர்னெல் கதவைத் தட்டினான். "எனக்கு யாரும் வேண்டாம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கொன்சோலாவுக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. "இந்த மனுஷன் வெளியே வந்ததும் கிளம்பலாம்டா. இனி எந்த மூஞ்சியோட பொண்ணு கேக்குறது?"

"அப்பா, ஏதாவது பண்ணுங்கப்பா," என்றாள் லிகாயா, அழுகை முட்ட.

போபோய் எப்படி வெளியே வருவான் என்று துலோவுக்கா தெரியாது? பாகு ஊற்றிய முட்டை புட்டிங் தட்டோடு பாத்ரூம் வாசலில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கரண்டியால் தட்டைத் தட்டினார். டிங். டிங்.

"அடடா, பாகு எப்படி நிக்குது பாரு! ஆர்னெல், இந்தா உனக்கு. சம்பந்தியம்மா, இது உங்களுக்கு. சம்பந்திக்கு வேண்டாமாம், பாவம். அப்போ கடைசித் துண்டு எனக்குத்தான்."

உள்ளே காலடி கதவருகே வந்தது. பிறகு, "பெரிய துண்டா?"

"வாய்கிட்ட கொண்டு போயிட்டேன், சம்பந்தி!"

தாழ்ப்பாள் திறந்தது.

மீசையில் பாகு ஒழுகச் சாப்பிடும் புருஷனைப் பார்த்துக் கொன்சோலா வயிறு குலுங்கச் சிரித்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து கெஞ்சிக் கெஞ்சியே தொண்டை போச்சு! அந்த டிவிக்காரன் எங்க வீட்டு ஜன்னல் வழியா பாத்துத்தான் எழுதுறானா?" துலோ எச்சில் தட்டுகளை அடுக்கிக் கழுவப் போனார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பிறகு லிகாயாவின் கையைப் பிடித்தாள்.

"தேதி குறிச்சிடலாம்மா. ஆனா அதுக்குள்ள உங்கப்பாகிட்ட அந்தக் கரண்டி வித்தையைக் கத்துக்கோ. என் பிள்ளையும் கதவைச் சாத்திக்கிற ஆளுதான்."

ஆர்னெலின் உதடு லேசாகப் பிதுங்கியது. லிகாயா கரண்டியைக் கையில் எடுத்தாள்.