இழுக்காத மூச்சு

இது நடு ராத்திரியில் நடந்தது என்று சொன்னால் உடனே நம்பிவிடுவீர்கள். நாய் ஊளையிட்டது, விளக்கு அணைந்தது என்று இரண்டு சரக்கைச் சேர்த்தால் இன்னும் நன்றாக நம்புவீர்கள். ஆனால் எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகுகிற நேரத்தில். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாட்சிக்கு ஆளும் உண்டு, எங்கள் வேன் டிரைவர் அண்ணன். இப்போது கேட்டாலும் "அந்தப் பேச்சை விடுங்க" என்று எழுந்து போய்விடுவார்.

என் வேலை மூச்சை அளப்பது. தொழிற்சாலைகளுக்கே போய் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உடல் பரிசோதனை செய்து தரும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். நுரையீரல் சோதனை என் பொறுப்பு. கைக்குள் அடங்குகிற கருவி. அதில் ஒரு அட்டைக் குழாயைச் செருகி வாயில் வைக்கக் கொடுப்பேன். மூக்கில் ஒரு கிளிப். "மூச்சை நல்லா உள்ளே இழுங்க... இப்போ ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்..." என்று கத்துவேன். கருவிக்குள் விசிறி போல ஒரு சின்னச் சக்கரம். காற்றுப் பட்டதும் 'விர்ர்' என்று சுற்றும். பக்கத்து லேப்டாப்பில் ஒரு கோடு எழும்பி விழும். ஆறு வினாடி ஊதினால் போதும். அதற்குள் பெரிய பயில்வானுக்கே முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். கத்திக் கத்தி சாயங்காலம் எனக்குப் பேச்சே வராது. "இன்னைக்குத்தான் வீடு வீடா இருக்கு" என்பார் என் கணவர்.

அந்த இடம் ஒரு கல் அறுக்கும் பட்டறை. சமையல் மேடைக்குப் பளபளவென்று போடுகிறார்களே, அந்தப் பலகைகளை அளவுக்கு அறுத்து, ஓரம் மழுக்கி, பாலிஷ் போட்டு அனுப்புவார்கள். அது பூமியில் வெட்டியெடுத்த கல் இல்லை. கல் தூளைப் பசை விட்டு இறுக்கிச் செய்வது. அறுக்கும்போது கிளம்பும் தூசி மாவை விட மெல்லியது. உள்ளே போனால் திரும்பி வராது. நுரையீரலிலேயே குடியிருந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படுத்திவிடும். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி அடங்கும். அங்கே அதற்குக் குழாய் இருந்தது. தண்ணீர்தான் விடுவதில்லை. தரை சேறாகிறது, வேலை தாமதமாகிறது என்று நிறுத்திவிட்டார்களாம். முகத்தில் ஆளுக்கொரு துணி. அவ்வளவுதான் பாதுகாப்பு.

வேனை விட்டு இறங்கியதுமே மேனேஜர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"மேடம், எல்லாம் நல்ல பசங்க. எல்லாருக்கும் ஃபிட்னு போட்டு முடிச்சிடுங்க. ஆர்டர் தலைக்கு மேல இருக்கு."

"அவங்க ஊதட்டும் சார். மெஷின் என்ன சொல்லுதோ அதைத்தான் போடுவேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. எங்களுக்குக் கடைசியில் இருந்த சாமான் அறையைக் காட்டிவிட்டுப் போனார். ஜன்னல் கிடையாது. ஒரே கதவு. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு டியூப்லைட்.

"எனக்கு மட்டும் இந்த மெஷினை நீட்டாதீங்க" என்றார் டிரைவர் அண்ணன். "நான் பிடிக்கிற பீடிக்கு இது புகை கக்கும்."

அதுதான் அன்று நான் கடைசியாகச் சிரித்தது.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சரியில்லை. முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் மூன்று முறை ஊதியும் கோடு எழும்பவே இல்லை. எழுந்து போகவும் மறுத்தார்.

"இன்னொரு வாட்டி, சிஸ்டர்."

"தம்பி, நீங்க முதல்ல டாக்டரைப் பார்க்கணும்."

"டாக்டரை அப்புறம் பார்த்துக்கலாம். ஃபிட் இல்லேன்னா இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. அப்புறம் வைத்தியத்துக்கு யார் குடுப்பா?"

உள்ளதை எழுதினால் வேலை போகும். மறைத்து எழுதினால் உயிர் போகும். உள்ளதைத்தான் எழுதினேன்.

மதியம் சாப்பாட்டு நேரம். இயந்திரங்கள் எல்லாம் நின்றன. காலையிலிருந்து காதைக் கிழித்த சத்தம் சட்டென்று அறுந்ததும் எங்கேயோ கிணற்றுக்குள் இறங்கியது போல இருந்தது. மேஜையைத் துடைத்து, அறையைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே போய்ச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், மேஜை முழுக்க வெள்ளைத் தூசி.

விரலால் கோடு போடலாம் போல அவ்வளவு தூசி. ஜன்னல் இல்லாத அறை. மேலே பார்த்தேன். கூரை சுத்தமாக இருந்தது. சரி, கதவிடுக்கு வழியாக வந்திருக்கும் என்று துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். டிரைவர் அண்ணன் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, எதிர்ச் சுவரில் காலை நீட்டித் தூங்கினார். நடைபாதை ரொம்பக் குறுகல். அவர் காலை மடக்காமல் யாரும் உள்ளே வர முடியாது.

லேப்டாப்பில் மணி 2:40.

'ப்பூ...'

கதவுக்கு வெளியிலிருந்து வந்தது. யாரோ ஊதுகிற சத்தம்.

'ப்பூ... ப்பூ...'

சோதனைக்கு முன்னால் இப்படிப் பலர் ஊதிப் பார்ப்பார்கள். அதனால் நான் பெரிதாக நினைக்கவில்லை. ஒன்று மட்டும் எங்கேயோ இடறியது. ஊதுகிற சத்தம்தான் வருகிறது. நடுவில் மூச்சை இழுக்கிற சத்தம் வரவில்லை.

"யாரு? உள்ளே வாங்க" என்றேன்.

குனிந்து லேப்டாப்பில் புதுப் பக்கம் திறந்து நிமிர்ந்தபோது, எதிர் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்கவில்லை.

நாற்பது வயது இருக்கும். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசி. இடது புருவத்தில் பாதி இல்லை. பழைய தழும்பு. இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடப் போகலையா?"

"பசிக்கிறதில்லை, சிஸ்டர்."

"முந்தியே வந்திருக்கலாமே?"

"வர முடியலை. இந்த வாட்டி நல்லா ஊதிடுவேன். பழகிட்டு வந்திருக்கேன்."

மூக்குக்குக் கிளிப் மாட்டினேன். நழுவியது. மறுபடி மாட்டினேன். நழுவியது. என் விரலெல்லாம் வெள்ளை. அந்தத் தூசி அவர் தோலின் மேல் ஒட்டியிருக்கவில்லை. துடைக்கத் துடைக்க உள்ளிருந்து வந்தது.

மூன்றாவது முறை கிளிப் நின்றது.

"மூச்சை நல்லா உள்ளே இழுங்க."

அவர் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பழக்கம். மார்பு எழும்ப வேண்டும், தோள் உயர வேண்டும்.

எழும்பவில்லை.

"இழுங்க..."

"இழுக்க வேணாம், சிஸ்டர்" என்றார். "இருக்கு."

குழாயை வாயில் வைத்தார்.

'விர்ர்ர்ர்...'

கோடு எழும்பியது. எழும்பி, விழவில்லை. தாழ்வாக, நேராக ஓடியது. என் வாய் வழக்கம்போலக் கத்தியது. "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க..."

ஆறு வினாடி ஆயிற்று. அவர் நிறுத்தவில்லை. பத்து. பதினைந்து.

இருபது வினாடியில் லேப்டாப்பில் ஓடுகிற நிரல் தானாக நின்றுவிடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நிற்கவில்லை.

முப்பது.

"போதும்" என்றேன்.

முகம் சிவக்கவில்லை. கண்ணில் தண்ணீர் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு ஊதினார்.

நாற்பது. ஐம்பது.

"போதும்ங்க... போதும்..."

குழாயை வாயிலிருந்து எடுத்தார். மெதுவாக, உடைந்துவிடப் போகிற பொருள் மாதிரி மேஜையில் வைத்தார்.

"சரியா இருக்கா, சிஸ்டர்?"

நான் அவரைப் பார்க்கவில்லை. கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'விர்ர்ர்ர்...'

அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

குழாயின் முனையில் வாய் இல்லை. யாரும் இல்லை.

சக்கரம் சுற்றியது.

நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. டிரைவர் அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"இப்போ வெளியே போனது யாரு?"

"யாரும் போகலையே. காலை நீட்டிட்டுத்தானே..." நிறுத்தினார். "அது என்ன சத்தம்?"

இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தோம்.

அண்ணன் மின்விசிறி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. குழாயின் முனையில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"காத்து வருது" என்றார். "சூடா... மனுஷ மூச்சு மாதிரி..."

கேபிளைப் பிடுங்கினேன்.

நிற்கவில்லை.

அட்டைக் குழாயை உருவிக் கீழே போட்டேன்.

நிற்கவில்லை.

ஓடிப்போயிருக்கலாம். இரண்டு பேரும் சுவரோடு சுவராக நின்றோம். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது.

'விர்ர்...'

'வி...'

நின்றது.

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து.

பொருட்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். மேனேஜரிடம் மெஷினில் கோளாறு என்றேன். மிச்சப் பேருக்காக மறுநாள் காலையில் போய்த்தான் ஆகவேண்டும். போனோம். அந்த அறைக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்து, வெளியே வேன் நிழலில் மேஜை போட்டேன்.

முதலில் வந்தவர் பாலிஷ் போடுகிறவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூங்கவில்லையா என்று கேட்டேன்.

"அக்காவோட உட்கார்ந்திருந்தேன். நேத்து மதியத்துலேருந்து ஒரு மாதிரியா இருக்கா. பேச மாட்டேங்கிறா, சாப்பிட மாட்டேங்கிறா."

நான் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது. "இங்க இடது புருவத்துல தழும்பு இருக்கிறவர் யாராவது வேலை செய்றாங்களா? நாற்பது வயசு இருக்கும். பாதிப் புருவம் இருக்காது."

பாலிஷ்காரர் கையிலிருந்த குழாயை மேஜையில் வைத்தார்.

"அவர் எங்க மாமா. அக்கா வீட்டுக்காரர்" என்றார். "போன வருஷம் செக்கப்புக்கு முந்தின நாள் செத்துப் போயிட்டார்."

நேற்று பார்த்ததைச் சொன்னேன். உள்ளே கல் அறுக்கிற சத்தம் மட்டும்.

"நீங்க ஒரு தடவை அக்காவைப் பார்க்கிறீங்களா, சிஸ்டர்? செக்கப் நடக்குதுன்னுகூட நான் அவகிட்ட சொல்லலை. இதையும் சொல்ல மாட்டேன்."

பரிசோதனை முடிந்த கையோடு அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். நான் அந்த இரண்டு நாளும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். எங்கள் டாக்டர் அதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினார். ஆள் வந்து பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எத்தனை நாளைக்கோ தெரியாது. எங்களை அங்கே மறுபடி கூப்பிடவில்லை.

அன்று பாலிஷ்காரர் கூட்டிப் போனது, பட்டறையின் பின்பக்கச் சுவரை ஒட்டிய ஒரே ஒரு அறைக்கு. அதுதான் வீடு. கட்டிலில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் என்னவோ வைத்துப் பொத்தியிருந்தார். நான் உட்கார்ந்தேன். டிரைவர் அண்ணன் வாசலோடு நின்றுவிட்டார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே அந்த அக்கா பேச ஆரம்பித்தார்.

"பலூன் ஊதினா நுரையீரலுக்கு பலம் வரும்னு யாரோ சொல்லிட்டாங்க. ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தார். வேலை விட்டு வந்து இதே கட்டில்ல உட்கார்ந்து ஊதுவார். பாதிகூட வராது. இருமிடுவார். எங்க சின்னப் பொண்ணு தனக்காகத்தான் ஊதுறார்னு சிரிக்கும். செக்கப்புல ஃபிட் வாங்கிடணும்னு அவருக்கு அது ஒண்ணுதான் நினைப்பு."

கையால் கட்டிலைத் தடவினார்.

"அன்னைக்கு முழுசா ஊதிட்டார். ஒரே மூச்சுல. என்கிட்ட நீட்டி, 'பார்த்தியா?'ன்னு கண்ணாலேயே சிரிச்சார். நான் வாங்கி முடிச்சுப் போட்டேன். அவ்வளவுதான். ஊதினவருக்குத் திரும்ப மூச்சை இழுக்க முடியலை. உள்ள இருந்ததையெல்லாம் இதுக்குள்ள விட்டுட்டார்."

மடியிலிருந்து கையை எடுத்தார். சுருங்கிப் போன ஒரு சிவப்பு பலூன்.

"அந்தக் கொக்கியில கட்டித் தொங்கவிட்டேன். ரெண்டு நாள்ல சுருங்கிடும்னாங்க. சுருங்கலை. ஒரு வருஷம். அப்படியே இருந்துச்சு. ஊதினப்போ எப்படி இருந்துச்சோ, அப்படியே."

பாலிஷ்காரர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பது போல.

"நேத்து மதியம் துணி மடிச்சிட்டு இருந்தேன். ரெண்டே முக்கால்கூட ஆகலை. இது சுருங்க ஆரம்பிச்சுது. மெதுவா... சத்தமே இல்லை. நான் கையில பிடிச்சுப் பார்த்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை. அரை மணி நேரம்... கொஞ்சம் கொஞ்சமா..."

பலூனை என் கையில் வைத்தார். நூல் அப்படியே இருந்தது. அவர் போட்ட முடிச்சு அவிழவே இல்லை.

நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"நல்லா ஊதினாரா, சிஸ்டர்?"