கை தேடிய இடத்தில் கம்பி

தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் காளியாயியைத் தெரியாதவர் இல்லை. நாற்பத்தொரு வருசம் கொழுந்து பறித்தவள். தலைக்கயிற்றில் கூடை கனக்க, கொட்டுகிற மழையில் செங்குத்து மலையில் இறங்கி வருவாள். ஒரு நாளும் விழுந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவள், வேலையிலிருந்து நின்ற நாலாம் வருசம், குடியிருக்கும் லயத்து வரிசைக்குப் பின்னால், பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீருக்கு இறங்குகிற ஏழே ஏழு படியில் விழுந்தாள். கால் வழுக்கியதும் வலது கை தன்னால் பக்கத்துத் தேயிலை மரத்தைப் பிடிக்கப் போனது. படியோரத்தில் ஏது மரம்? காற்றுதான் அகப்பட்டது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

பட்டணத்துப் பக்கம் வத்தளையில் தையல் வேலை பார்க்கும் மகள் சர்மிளா ஓடி வந்தாள்.

"இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா ஒரு பேச்சும் கேக்கமாட்டேன். கையோட கூட்டிட்டுப் போயிருவேன்."

முறிந்த கையைவிட அதுதான் காளியாயிக்கு வலித்தது. மகளுடையது, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவரில் முட்டும் வீடு. ஒரு வாரம் இருந்து பார்த்தவள்தானே.

கட்டுப் பிரித்ததும் அழகனைக் கூப்பிட்டாள். அழகன் வேறு யாருமில்லை, அவளுடைய தாய்மாமன் கருப்பண்ணனின் மூத்த மகன். இவளை அவனுக்குக் கட்டிவைக்கிற பேச்சு நடந்து, வெற்றிலை மாற்றுமுன்னே நின்றுபோனது ஒரு காலம். தேயிலை மரங்களைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவன், இப்போது சில்லறைக் கொத்து வேலை செய்கிறான்.

இரண்டு பேருமாகப் படியின் பாசியைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவினார்கள். ஓரத்தில் அழகன் பிடிகம்பியாக ஓர் இரும்புக் குழாயைக் கட்டினான்.

"பாரு காளி, பெரிய தொரையே வந்தாலும் புடிச்சிட்டு எறங்கலாம்."

மறுநாள் தூறல். மூன்றாம் படியில் அவள் கால் லேசாக நழுவியது. கை குழாய்க்குப் போகவே இல்லை. கீழே, தொடைப்பக்கம் துழாவியது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றுமில்லை. உட்கார்ந்த வாக்கில் தன் கையையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"மச்சான்! கொழாய எறக்கிக் கட்டுங்க!"

"ஏன், எனக்கு வாட்டமாத்தான இருக்கு?"

"நீங்களா கொழுந்து பறிச்சீங்க? ஏங்கையி நாப்பது வருசமா தொட ஒசரத் தேயில மரத்து மேலயே போய் வந்த கையி. புத்தி சொன்னாலும் கேக்காது. அது எங்க தேடுதோ அங்கதான் கம்பி இருக்கணும்."

கூரையில் செருகியிருந்த மட்டக்கம்பை உருவினாள். கொழுந்து பறிப்பவர்கள் மரத்தின் மேல் போட்டு மட்டம் பார்க்கிற நீளக் கம்பு அது. ஒவ்வொரு படியிலும் நின்று, கண்ணை மூடிக் கையைத் தொங்கவிட்டாள். கை நின்ற இடத்தில் கம்பை வைத்தாள். அழகன் கரியால் கோடு போட்டான்.

"கட்டுன பொண்டாட்டி கணக்கா அதிகாரம் பண்றா!"

"பண்ணியிருக்க வேண்டியவதான். நீங்க தப்பிச்சிட்டீங்க."

குழாய் ஒரு முழம் இறங்கியது. அதற்குப் பின் அவளுக்கு ஒரு நழுவல்கூட இல்லை. பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் மீனம்மா, அவளும் பழைய கொழுந்துக்காரிதான், "நான் கம்பியப் புடிக்கிறதே எனக்குத் தெரியலக்கா" என்றாள்.

ஆடித் திருவிழாவுக்குச் சர்மிளா வந்தாள், கூடவே மழையும். காளியாயி இடது கையில் வாளியும் வலது கை குழாயிலுமாகக் கடகடவென்று இறங்கினாள். பின்னால் வந்த சர்மிளா சறுக்கி, "ஐயோ அம்மா!" என்று அவள் தோளைக் கவ்வினாள். காளியாயி அசையவில்லை.

"கம்பி ஏம்மா இவ்வளவு கீழ இருக்கு?"

"அது கொழுந்து பறிச்ச கைக்கு. ஒனக்கு மேல ஒன்னு வேணும்னா ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லு."

புறப்படுகிற அன்று சர்மிளா பையைத் தூக்கிக்கொண்டு அழகன் வீட்டு வாசலில் நின்றாள். அம்மாவை வத்தளைக்குக் கூட்டிப்போகிற பேச்சை அவள் எடுக்கவில்லை.

"பெரியப்பா, தீவாளிக்கு வருவேன். அதுக்குள்ள எனக்கும் ஒரு கம்பி கட்டிருங்க."