கறுத்துப்போன வெள்ளைப் பூனை

நாய்க்குட்டியைக் கையில் தூக்கியதுமே அதன் சாதியைச் சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. ராஜபாளையத்துக்காரன், மூன்று தலைமுறையாக வெள்ளை நாய் வளர்த்த வீடு. ஈன்ற குட்டியில் ஒரு புள்ளி தெரிந்தால் அது எங்கள் வீட்டுக் குட்டி என்று வெளியே சொல்லமாட்டோம். தோப்புக் காவலுக்குக் கொடுத்துவிடுவோம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் பூனையையும் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுவில், பட்டாளத்தில் இருந்த என் மனைவியின் அண்ணன் லீவில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது அதைக் கொண்டுவந்து கொடுத்தார். மாற்றலாகிப் போன ஆபீசர் வீட்டுக் குட்டியாம். சயாமீஸ், உசத்தியான சாதி என்றார். குட்டை மயிர், நீலக் கண், தயிர் வெள்ளை. எனக்கும் பிடித்துப்போயிற்று.

நான் மில்லுக்கு ஷிப்டு போனால் வீட்டில் என் மனைவியும் அதுவும்தான். மற்றப் பூனைகளைப் போல மியாவோடு நிறுத்தாது. அழுகிற பிள்ளை மாதிரி இழுத்து இழுத்துக் கத்தும். அவள் பதில் சொல்வாள், அது மறுபடி கத்தும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டதே அப்போதுதான்.

கொஞ்ச நாளிலேயே காது நுனி அழுக்குப் பட்டது போல் ஆனது. பிறகு மூக்கு, கால், வால். கலப்பு என்று தீர்மானித்தேன். வெள்ளை நாய் வளர்க்கிறவன் வீட்டில் கரிச்சட்டி மூஞ்சிப் பூனையா என்று தெருவில் கேலி வேறு.

"அது வளருது, அம்புட்டுதான். எனக்கு இது போதும்" என்றாள்.

நான் கேட்கவில்லை. கூடையில் வைத்து பஸ் ஏறி, ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த நண்பன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது.

பத்து நாள் கழித்து நண்பனைப் பார்த்தேன். மூன்று நாள் எதையும் தொடாமல் வாசலைப் பார்த்தே கத்தியதாம். நாலாம் நாள் காணவில்லை. கல் குவாரிப் பக்கமெல்லாம் தேடிவிட்டேன் என்றான். வீட்டுக்கு வந்ததும் அவள் விசாரித்தாள். நன்றாக இருக்கிறது, எலி பிடிக்கிறது என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கும்போதெல்லாம் ஒரு பொய்.

தொண்ணூறுகளில் ஒருநாள் நாய்க்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரி போனேன். சுவரில் சயாமீஸ் படம் போட்ட ஒரு காலண்டர். குட்டி தயிர் வெள்ளை. பக்கத்தில் தாய், கரி மூஞ்சி, நீலக் கண். இந்த இனம் பிறக்கும்போதுதான் வெள்ளை, வளர வளர இப்படிக் கறுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வீட்டுக்குப் போனேன். காலண்டரைப் பற்றிச் சொன்னதுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப அதுக்கு மூஞ்சி இப்ப நல்லா கறுத்திருக்கும். ஞாயித்துக்கெழம ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வருவமா?"

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஞாயிறன்று பஸ் ஸ்டாண்டு வரை அவள் பின்னால் நடந்தேன். அவள் கையில் தூக்குச்சட்டி, அதில் உப்பில்லாமல் அவித்த மீன். ஆலங்குளம் பஸ் வந்து நின்ற பிறகுதான் அது காணாமல் போனதையும், நண்பன் குவாரிப் பக்கம் தேடியதையும் சொன்னேன்.

"எம்புட்டு நாளாச்சு?" என்றாள்.

"விட்டுட்டு வந்த நாலாம் நாளே."

அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும் ஏறினேன். ஆலங்குளத்தில் இறங்கி நேரே குவாரிக்குப் போனாள். அது கத்துகிற மாதிரியே இழுத்து இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டு, வெயில் தாழும்வரை அந்த விளிம்பெல்லாம் நடந்தாள். பிறகு மீனை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, காலிச் சட்டியோடு பஸ்ஸுக்கு வந்தாள்.